ஊர்ப் பணியில் உழைப்பும் உரிமையும்

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-32 நெடுஞ்சாலையில், விடத்தல்தீவுக்கும் வெள்ளாங்குளத்துக்கும் இடையே அமைந்துள்ள கரையோரக் கிராமம் இலுப்பைக்கடவை. மேற்கே பாக்கு விரிகுடாவின் ஆழங்குறைந்த கடல். கிழக்கே குளங்களை நம்பிய வயல் நிலம். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மாரி மழையே ஆண்டு முழுவதற்குமான நீர்ச் செல்வம். இத்தகைய ஊரில் ஒரு குளக்கட்டு உடைந்தாலும், ஓர் இறங்குதுறை மணலால் மூடப்பட்டாலும், ஓர் உள்வீதி வெள்ளத்தில் அள்ளுண்டாலும், அதனைச் சீர்செய்யும் பொறுப்பு எவருடையது என்னும் வினா உடனே எழுகின்றது. "ஊர் கூடிச் செய்யட்டும்" என்பதே நெடுங்காலமாக வழங்கிவரும் விடை. கேட்பதற்கு இனிமையான அவ்விடை அறத்தின் பாற்பட்டதுதானா என்பது ஆராயப்பட வேண்டிய ஒன்றாகும்.

ஊர் கூடிச் செய்யும் பணிக்கு இந்நாட்டில் வழங்கும் பெயர் சிரமதானம். சிரமம் என்பது உழைப்பு. தானம் என்பது கொடை. 1958ஆம் ஆண்டிலே கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்தின தம் மாணவரை ஒரு பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துச் சென்று தொடக்கிய பணியே பின்னர் சர்வோதய சிரமதான இயக்கமாக வளர்ந்தது. நகரத்துப் பிள்ளைகள் கிராமத்தை நாடிச் சென்று தம் உழைப்பை ஈந்தனர் என்பது அத்தொடக்கத்தின் சிறப்பு. கொடுப்போன் விரும்பிக் கொடுப்பதே தானம். கொடாதிருக்கும் உரிமையும் அவனுக்கு உண்டு. அவ்வுரிமை இல்லாதவிடத்துத் தானம் என்னும் சொல் பொருளிழந்து விடுகின்றது.

இவ்வேறுபாடு சொல் விளையாட்டன்று. கணவனைப் போரில் இழந்து, நாட்கூலியால் மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். ஞாயிறன்று குளக்கட்டுத் துப்புரவுப் பணிக்கு வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என அறிவிக்கப்படுகின்றது. அவள் சென்றால் அன்றைய கூலி போய்விடும். செல்லாவிட்டால் "ஊரோடு ஒத்துவராதவள்" என்னும் பெயர் நிற்கும். அடுத்த முறை உதவி பெறுவோர் பட்டியல் வகுக்கப்படும்போது அப்பெயர் நினைவுகூரப்படவுங்கூடும். அக்குளத்தின் கீழ் அவளுக்கு ஒரு துண்டு வயல்தானும் இல்லை. கட்டு எவ்வளவு உயர வேண்டும், வாய்க்கால் எப்பக்கம் திரும்ப வேண்டும் என்பவற்றை அவளிடம் எவரும் கேட்டதுமில்லை. அவள் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறாள். அது கொடையா, திறையா?

தலைநகரில் வாழ்பவன் ஒருவன் தன் வீட்டு வாயிலிலுள்ள வீதியைத் தானே செப்பனிட வேண்டுமென எவரும் எதிர்பார்ப்பதில்லை. வரிப் பணத்தால் அவ்வேலை நடைபெறுகின்றது. அவ்வரியின் பெரும்பகுதி அரிசி, சீனி, மண்ணெண்ணெய் முதலியவற்றின் விலையோடு சேர்த்து இலுப்பைக்கடவையிலும் அறவிடப்படுவதே. எனவே கிராமத்தவர் பொதுப்பணிக்கு இருமுறை செலுத்துகின்றனர். ஒரு முறை பணத்தால், மறுமுறை உடலால். அடிப்படை வினா இங்குதான் பிறக்கின்றது.

இவ்வினாவுக்கு இலங்கை வரலாற்றில் நீண்ட பின்னணி உண்டு. மன்னர் காலத்தில் நிலத்தை அனுபவிப்போர் அதற்கு ஈடாக அரசுக்கும் ஊருக்கும் செய்யவேண்டியிருந்த கட்டாயச் சேவை இராஜகாரியம் எனப்பட்டது. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையையொட்டி 1832இல் ஆங்கில அரசு அதனை ஒழித்தது. மனிதரைக் கட்டாய உழைப்பினின்றும் விடுவித்த அச்செயல் போற்றத்தக்கதே. ஆயினும் கட்டாயம் அகன்றபோது, ஆண்டுதோறும் குளங்களைப் பேணிவந்த கூட்டு ஒழுங்கும் தளர்ந்தது. 1856இல் நீர்ப்பாசனத்துக்கென ஒரு கட்டளைச் சட்டம் இயற்றி, வயற்காரரின் பழைய வழக்காறுகளுக்கு அரசு மீண்டும் வலுவூட்ட வேண்டியிருந்தது. பாக்குநீரிணைக்கு அப்பால், சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டுச் சட்டம் குடிமராமத்து என்னும் மரபுக்கு இவ்வாறே சட்டவுருவம் அளித்தது. தமிழ்நாட்டு அரசு 2017இல் ஏரி, குளங்களைத் தூர்வாரும் தன் திட்டத்துக்கு அப்பழம்பெயரையே மீண்டும் சூட்டிக்கொண்டமையும் ஈண்டு நோக்கத்தக்கது.

இவ்விரு சட்டங்களுக்கும் முன்னரே இலங்கையில் மற்றொரு படிப்பினை கிடைத்திருந்தது. 1848இல் ரொறிங்ரன் தேசாதிபதியின் ஆட்சியில் வந்த வீதிச் சட்டம், வளர்ந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும் அல்லது மூன்று சிலிங் செலுத்த வேண்டும் என விதித்தது. மேற்பார்வைக்குச் சமத்துவமான சட்டம். யாவர்க்கும் ஆறு நாள், யாவர்க்கும் மூன்று சிலிங். ஆனால் பணமுள்ளவனுக்கு மூன்று சிலிங் ஒரு சிறு தொகை. பணமில்லாதவனுக்கு ஆறு நாள் அவன் வயிறு. மேலும், எவ்வீதி எங்கே செல்ல வேண்டுமென்று அவனிடம் கேட்கப்படவில்லை. அவ்வாண்டில் மலைநாட்டில் மூண்ட கிளர்ச்சிக்கான காரணங்களுள் இச்சட்டமும் ஒன்றாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து ஒரு முடிவுக்கு விரைந்து வரலாம்: கூட்டு உழைப்பு என்பதே பழைய அடிமைமுறையின் எச்சம்; ஊர்ப்பணி அனைத்தையும் ஊதியம் பெறுவோர் செய்யட்டும் என்று. அம்முடிவு முழுமையானதன்று. ஜெனீவாவிற் பிறந்த மெய்யியலாளரான றூசோ 1762இல் வெளியிட்ட சமுதாய ஒப்பந்தம் என்னும் நூலில், வியப்பூட்டும் ஒரு கருத்தை முன்வைத்தார். குடிமக்கள் பொதுப்பணியைத் தம் கைகளாற் செய்வதை விடுத்துப் பணத்தால் ஈடுசெய்யத் தொடங்கும்போதே சுதந்திரம் குன்றத் தொடங்குகின்றது என்பதும், வரியைக் காட்டிலும் நேர் உழைப்பே சுதந்திரத்துக்குக் குறைந்த அளவில் முரணானது என்பதும் அவர் கொள்கை. பணத்தைக் கொடுத்தவன் வீடு திரும்பி விடுகிறான். உழைப்பைக் கொடுத்தவனோ தான் கட்டியதைத் தன்னதெனக் காண்கிறான்; அதன் பழுது அவன் கண்ணிற் படுகின்றது.

இக்கருத்தில் உண்மை உண்டு. வள்ளுவர் ஒப்புரவு பற்றிக் கூறுமிடத்து ஊருணியை உவமையாக எடுத்தாண்டமை தற்செயலன்று. ஊருணி எவருடைய தனியுடைமையுமன்று. ஆயினும் எவரும் பேணாவிடின் அது பாழ்படும். இரவிலே குளக்கட்டில் நீர் கசியும் ஒலியைக் கேட்டு எழுந்து ஓடுபவன் அக்குளத்தை அறிந்தவனேயன்றி, மாவட்டத் தலைநகரில் உறங்கும் ஒப்பந்தகாரன் அல்லன். எனினும் றூசோ புகழ்ந்த அந்த உழைப்பாளி யார்? தன் சட்டத்தைத் தானே ஆக்கும் குடிமகன். பொதுமன்றில் அமர்ந்து முடிவெடுத்தபின் வயலுக்கும் வீதிக்கும் இறங்கி வருபவன். முடிவெடுக்கும் உரிமையை நீக்கிவிட்டு உழைப்பை மட்டும் எஞ்சவிட்டால், அங்கு நிற்பவன் றூசோவின் குடிமகனல்லன். இராஜகாரியம் செய்தவனின் பேரன். கூட்டு உழைப்பைக் கண்ணியமுடையதாக்குவது உழைப்பன்று. அவ்வுழைப்புக்கு முன் நிகழும் தீர்மானத்தில் உழைப்போனுக்குள்ள பங்கே எனலாம்.

இவ்வளவுகோலைக் கொண்டு இலுப்பைக்கடவையின் நிலையை நோக்குதல் தகும். இக்கிராமம் மாந்தை மேற்குப் பிரதேச சபையின் எல்லைக்குள் அடங்குவது. இந்நாட்டுக் கிராமங்களுக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட சபைகள் நீண்ட காலமாக இருந்துவந்தன. 1980ஆம் ஆண்டின் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் சட்டத்தைத் தொடர்ந்து 1981இல் கிராம சபைகள் ஒழிக்கப்பட்டன. கிராமத்துக்கு மிக அண்மையிலிருந்த மன்றம் இவ்வாறு மறைந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் 1988இல் புதிய சபைகள் தோன்றின. உள்ளூர் மட்டத்தில் நிருவாகம், அபிவிருத்தி ஆகியவை பற்றிய தீர்மானங்களில் மக்கள் பயனுறப் பங்குபற்றக் கூடுதல் வாய்ப்பளித்தலே அச்சட்டத்தின் நோக்கமென அதன் முகவுரை கூறுகின்றது. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் போர்க்காலத்தில் வடக்கின் சபைகள் பல, மக்களால் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினரின்றியே காலங்கழித்தன.

சபை இயங்கும் காலத்திலும் அதன் கைக்கெட்டும் எல்லை சிறிது. பொதுச் சுகாதாரம், உள்வீதி, சந்தை, மயானம், வீதிவிளக்கு முதலியனவே அதன் பொறுப்பு. நெடுஞ்சாலை வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. பெருங்குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தினுடையது. சிறுகுளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தினுடையது. கடலும் காடும் வெவ்வேறு திணைக்களங்களின் ஆளுகைக்குட்பட்டவை. மழைநீர் இத்திணைக்கள எல்லைகளை அறியாது குளத்திலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வீதிக்கும், வீதியிலிருந்து கடலுக்கும் பாய்கின்றது. ஊரவன் மட்டும் ஒவ்வொரு வாயிலாகச் சென்று தட்ட வேண்டியவனாகிறான். அதேவேளை, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், கமக்காரர் அமைப்பு எனச் சங்கங்களுக்கு ஊரிற் குறைவில்லை. ஆயின் அவற்றிடம் பெரும்பாலும் கேட்கப்படுவது கருத்தன்று; கையொப்பமும் ஆட்களுமே.

வாக்குரிமையின் கதையும் இதனோடு இணைந்தது. 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தது. அம்மாதம் நடைபெறவிருந்த தேர்தல், நிதியில்லை என்னும் காரணங்காட்டி நடத்தப்படாது போயிற்று. அதனால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இறுதியில் 2025 மே 6ஆந் திகதியே தேர்தல் நடைபெற்றது. இரண்டாண்டுகளுக்கு மேலாக நாடெங்கும் கிராமத்தவர்க்குத் தம் சபையிற் பிரதிநிதி இருக்கவில்லை. அக்காலத்தில் குளக்கட்டுகள் துப்புரவாக்கப்படாமல் இருக்கவில்லை; ஊரவர் உழைக்காமலும் இருக்கவில்லை. உழைப்பு ஒத்திவைக்கப்படவில்லை, வாக்கு மட்டுமே ஒத்திவைக்கப்பட்டது. ஓர் அரசு எதனைத் தவிர்க்க முடியாததாகவும் எதனைத் தவிர்க்கக் கூடியதாகவும் கருதுகிறது என்பது இதனாற் புலனாகும்.

உரிமையோடு கூடிய உழைப்பு எவ்வாறிருக்கும் என்பதற்கும் இப்பகுதியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2008 யூலையில் போர் இலுப்பைக்கடவையைக் கடந்து சென்றபோது மக்கள் வன்னியின் உட்பகுதியை நோக்கி இடம்பெயர்ந்தனர். 2009 மேயில் போர் முடிந்த பின்னரே மீள்குடியேற்றம் தொடங்கியது. அக்காலத்தில் இந்திய அரசின் உதவியோடு ஐம்பதினாயிரம் வீடுகளைக் கட்டும் திட்டம் உருவாயிற்று. முதலில் ஆயிரம் வீடுகளை ஒப்பந்தகாரர் கட்டிக் கொடுத்தனர். 2012 ஒக்டோபரில் தொடங்கிய அடுத்த கட்டத்திலோ முறை மாறியது. வடக்கிலும் கிழக்கிலும் குடும்பமொன்றுக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதினாயிரம் ரூபா தவணை முறையில் வழங்கப்பட்டது. வீட்டை உரிமையாளரே கட்டினர். மேசனைத் தெரிவதும், வாசல் எத்திசை நோக்க வேண்டுமென்பதும், அறைகளின் அமைப்பும் அவர்தம் முடிவாயின. கொடுத்தது பணமாயினும், அதனோடு தீர்மானிக்கும் அதிகாரமும் சென்றது.

இம்முறையையும் குறையற்றதெனக் கூறிவிட இயலாது. பொருள்களின் விலையேறியபோதும், தமக்கியன்றதிலும் பெரிதாய்க் கட்ட முற்பட்டபோதும் குடும்பங்கள் பல கடனில் வீழ்ந்தன. உரிமை வந்தவிடத்துப் பிழைசெய்யும் வாய்ப்பும் உடன்வந்தது. ஆயினும், தான் செய்த பிழையால் வருந்துவோனும் பிறர் செய்த பிழையைச் சுமப்போனும் அறநோக்கில் ஒருவரல்லர். முன்னவனுக்குத் தேவையானது அறிவுரையும் துணையும். பின்னவனுக்குத் தேவையானது நீதி.

இக்கொள்கைக்கு இரு பெரும் மறுப்புகள் உண்டு. அவற்றை எதிர்கொள்ளாது விடுதல் நேர்மையாகாது.

முதலாவது, எல்லாவற்றையும் ஊரைக் கேட்டுச் செய்யப் புகுந்தால் நாட்டுக்கு வேண்டிய எதுவும் நடைபெறாது என்பது. மின்னாற்றல் நாடு முழுவதற்கும் வேண்டும். காற்று மன்னாரிலேதான் வலுவாக வீசுகிறது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020இல் முப்பது காற்றாலைகள் கொண்ட தம்பபவனி மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. மேலும் காற்றாலைகளை நிறுவுவதையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் வீதியிலிறங்கிப் போராடினர். வெள்ளம் வடியாமை, மீன்பிடிப் பாதிப்பு, நிலத்தின் எதிர்காலம் ஆகியன அவர்தம் முறைப்பாடுகள். அரசு வேலைகளைச் சிறிது காலம் நிறுத்திவைத்து ஆராய இணங்கியது. காற்றாலை நன்றா தீதா என்பது தனியே ஆராயத்தக்க பொருள். இவ்விடத்துக் கவனிக்க வேண்டியது, ஆராய்வு எப்போது நிகழ்ந்தது என்பதே. மக்களின் கேள்விகள் திட்டம் வரையப்படும் மேசையிற் கேட்கப்பட்டிருக்க வேண்டியவை. அவை வீதியிற் கேட்கப்பட்டன. நாட்டின் நன்மைக்காக ஓர் ஊர் சுமை தாங்க வேண்டிவரலாம். அவ்வாறாயின் சுமையின் அளவை அறியவும், ஈட்டைக் கோரவும், மாற்று வழியை முன்வைக்கவும் அவ்வூருக்குரிய உரிமை கூடுமேயன்றிக் குறையாது. அவசரம் என்பது ஒருமுறை கேளாது செய்ததற்குச் சமாதானமாகலாம். கேளாமையே வழக்கமாவதற்குச் சமாதானமாகாது.

இரண்டாவது மறுப்பு இதனினும் கூர்மையானது. ஊரைக் கேள் என்கிறீரே, ஊர் என்பது யார்? சாதியின் பெயரால் கிணற்றை மறுத்ததும் ஊரே. பெண்களைக் கூட்டத்தின் பின்வரிசையில் அமர்த்தியதும் ஊரே. உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு இருபத்தைந்து இடம் பெண்களுக்கென ஒதுக்கும் சட்டம் 2016இல் இயற்றப்பட்டு, 2018ஆம் ஆண்டுத் தேர்தலிலேயே முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் மன்றங்களிற் பெண்களின் தொகை நூற்றுக்கு இரண்டளவிலேயே நின்றது. இம்மாற்றம் ஊரின் விருப்பத்தால் வந்ததன்று. ஊருக்கு வெளியேயிருந்து வந்த சட்டத்தால் வந்தது.

இதனினும் வேதனை தரும் நினைவொன்று மன்னார்க் கரைக்கு உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். தலைமுறை தலைமுறையாக ஒரே கடலிற் தொழில் செய்து, ஒரே சந்தையிற் கூடிய மக்கள் சில நாட்களுக்குள் ஊரற்றவராயினர். ஆண்டுகள் பல கழிந்து அவர்கள் மீண்டு வந்தபோது, அவர்தம் பெயர்கள் பட்டியல்களில் இருக்கவில்லை. அவர்தம் காணிகள் சில காடாகவும் சில பிறர் கையிலும் கிடந்தன. ஊர்க் கூட்டத்தில் இருப்போரை மட்டும் ஊரெனக் கொண்டால், துரத்தப்பட்டவன் ஒருபோதும் ஊரவனாக மாட்டான். வந்திருப்போரின் ஒருமித்த கருத்து என்பது வராதோர் எவ்வாறு வராதோராயினர் என்னும் கேள்வியை மறைத்துவிடக்கூடாது.

ஆதலின், ஊரைக் கேட்டல் என்பது ஊரிற் குரலுடையோரைக் கேட்டல் என்று சுருங்குதல் தகாது. ஒரு திட்டத்தின் விளைவோடு வாழப்போகிறவர் எவரோ, அவரெல்லாம் அத்திட்டத்தைப் பொறுத்தவரை ஊரவரே. வயலில்லாத கூலிப்பெண்ணும் ஊரவள். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வாழ்வோனும் ஊரவன். இன்னும் பிறவாத குழந்தையும் ஊரவளே. பிறவாதோர் கூட்டத்துக்கு வரமாட்டார். அவர் சார்பிற் பேச வேண்டியது சட்டத்தின் கடன். விடத்தல்தீவை அண்டிய கண்டற்காடுகளும் கடற்புற்றரைகளும் 2016இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2024இல் அதன் ஒரு பகுதியை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்க வர்த்தமானி வெளியிடப்பட்டபோது, விடயம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்று இடைநிறுத்தப்பட்டது. கண்டல் வேர்களிடையே வளரும் இறாற்குஞ்சு இன்னும் பல தலைமுறைகளின் உணவு. இன்று வேலைவாய்ப்பு வேண்டி நிற்கும் இளைஞனின் பசியும் பொய்யன்று. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தும் பணியை எந்தத் திணைக்களமும் தனித்துச் செய்ய இயலாது. எந்தச் சங்கமும் தனித்துச் செய்ய இயலாது. நிறுக்கும் இடத்தில் இருசாராரும் இருத்தல் வேண்டும் என்பதே குறைந்தபட்ச நீதி.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஊர்ப்பணி அறமாவதற்கு மூன்று நிபந்தனைகள் இன்றியமையாதன என்பது பெறப்படும். எவரிடம் உழைப்புக் கேட்கப்படுகிறதோ அவரிடம் முன்னதாகக் கருத்தும் கேட்கப்பட வேண்டும். சுமை ஒரே அளவாயிருப்பதன்றி, தாங்குவோனின் வலிமைக்கு ஏற்றதாயிருக்க வேண்டும். பயன் மிகுதியாகப் பெறுவோன் மிகுதியாகக் கொடுக்க வேண்டும். மூன்றாவதாக, மறுக்கும் உரிமை மெய்யான உரிமையாயிருக்க வேண்டும்; மறுத்தவரின் பெயர் எந்தப் பட்டியலிலிருந்தும் அழிக்கப்படலாகாது. இவை மூன்றும் உள்ளவிடத்துச் சிரமதானம் தன் பெயருக்கு ஏற்றதாகும். இல்லாதவிடத்து அது 1848ஆம் ஆண்டின் ஆறு நாட்களே. மூன்று சிலிங் செலுத்தித் தப்பும் வாய்ப்புங்கூட அதில் இல்லை.

மண்வெட்டியைத் தோளில் வைத்துக் குளக்கட்டை நோக்கிச் சென்ற அப்பெண்ணிடம் ஊர் முதலில் ஒரு வினாவைக் கேட்டிருக்கலாம்: இக்குளத்தால் உனக்கு என்ன வேண்டும்? வயலில்லாத அவள், கோடையிலும் வற்றாத ஒரு குடிநீர்க் கிணறு குளத்தருகே வேண்டுமெனக் கூறியிருக்கக்கூடும். பிள்ளைகள் குளிக்க ஒரு படித்துறை வேண்டுமெனக் கூறியிருக்கக்கூடும். அவள் கேட்டது முழுவதும் கிடைத்திருக்க வேண்டுமென்பதில்லை. அவ்வினா கேட்கப்பட்டு, அவள் விடையும் திட்டத்தில் ஒரு வரியாக எழுதப்பட்டிருந்தால், அன்றைய கூலியை இழந்து அவள் வெட்டிய மண் அவளுடைய குளத்தின் மண்ணாயிருக்கும்.